ஒரு விரற்கடைத் தண்ணீர்

மாதிரிகளைத் திறக்கும் கூடத்துக்கு வெளியே, கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கிறது. "கைகளை மட்டுமல்ல, நெற்றியையும் கழுவவும்." புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறீர்களாம். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறீர்களாம். சிரியுங்கள். அதை எழுதி மாட்டியவன் நான்தான். எழுத வைத்தது என் நெற்றி.

உங்கள் குழுத் தலைவர் போன வாரம் பேசினார். "சார், புதுசா வந்திருக்கவங்களுக்கு உங்க அனுபவத்துல இருந்து நாலு வார்த்தை எழுதித் தாங்க" என்றார். நான் நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் இல்லை என்று தெரிந்தும் கேட்டது அவர் குற்றம். வானத்திலிருந்து இறங்குகிற பெட்டிகளின் பின்னால் இருபத்தொன்பது வருடம் ஓடியவன் நான். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் என் நெற்றிக் கதையைச் சொல்லித் தொலைக்க வேண்டும்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். ராட்சத பலூன் ஒன்றில் ஒரு கலத்தைக் கட்டி, காற்றே இல்லை என்று சொல்லத்தக்க உயரத்துக்கு அனுப்புவோம். அங்கே கலம் தன் மூடியைத் திறந்து, விண்வெளியிலிருந்து பூமியின் மேல் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருக்கும் நுண்தூசியைப் பிடிக்கும். பிறகு மூடிக்கொண்டு பாராசூட்டில் இறங்கும். விண்வெளியிலிருந்தே திரும்பப் போகிற கலங்களை நாளை நீங்கள் எடுக்கப் போகிறீர்களே, அதற்கான ஒத்திகை எங்கள் காலத்தில் இதுதான். கலத்துக்குள் ஆறு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இழுப்பறைபோல் தனித்தனியே இழுத்து எடுக்கும்படி இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏரோஜெல் என்ற, புகையை உறைய வைத்தது போன்ற ஒரு பொருள். தூசியை அது பூப்போல வாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் பட்டால் பஞ்சுமிட்டாயின் கதிதான்.

திட்டம் ரங்கநாயகி என்ற விஞ்ஞானியுடையது. ஆழ்வார்திருநகரியில் பிறந்தவர். அப்போது நாற்பது வயது இருக்கும். ஆறு வருட உழைப்பு, அவரை நம்பி ஆய்வுப் பட்டத்துக்குக் காத்திருந்த இரண்டு மாணவிகள், எல்லாமே அந்தக் கலத்துக்குள் இருந்தன. முதல் பயணத்தில் கலம் ராதாபுரம் பக்கத்துப் பொட்டலில், குறித்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்தது. நாங்கள் மார்தட்டிக்கொண்டோம். மறுநாள் கூடத்தில் வெளிமூடியைத் திறந்தவன் நான்.

சைவக் குடும்பத்துப் பிள்ளை நான். விவரம் தெரிந்த நாளிலிருந்து திருநீறு பூசாமல் வீட்டுப் படி இறங்கியதில்லை. அன்றும் மூன்று பட்டை. தலைக்குத் தொப்பி, மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி, உடம்புக்கு அங்கி என்று எல்லாம் போட்டிருந்தேன். தொப்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு நெற்றி மட்டும் வெளியே தெரிந்தது. குனிந்து மூடியை எடுத்தபோது, வெள்ளையாக ஏதோ ஒன்று இரண்டாவது தட்டின் விளிம்பில் விழுந்ததைப் பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லை. இதற்குப் போய் ஏன் ஊரைக் கூட்ட வேண்டும் என்று, பக்கத்தில் இருந்த ரப்பர் ஊதியை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். பொட்டு காணாமல் போனது. யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து ஆய்வகத்தில் ஒரே கொண்டாட்டம். கண்ணாடிபோல் பளபளத்த விசித்திரமான துகள்கள் கிடைத்திருக்கின்றன என்றார்கள். லட்டு கொடுத்தார்கள், நானும் தின்றேன். இரண்டு வாரத்தில் லட்டு கசந்தது. மாணவிகளில் ஒருத்தி அந்தத் துகளின் வடிவத்தை எங்கேயோ பார்த்தது போல் இருக்கிறது என்று தோண்டித் துருவிக் கண்டுபிடித்துவிட்டாள். அது புல்லின் உடம்புக்குள் இருக்கும் மணல் சத்து. மாடு தின்று, சாணமாகி, எரிந்து சாம்பலானாலும் அந்த வடிவம் மாறாதாம்.

ரங்கநாயகி எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, படத்தைத் திரையில் போட்டு, "வானத்துல மாடு மேயுதா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. எழுந்து நின்று, விழுந்ததையும் ஊதியதையும் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பூசினது தப்பில்ல சார். விழுந்தது தப்பில்ல. ஊதினது தப்பு. ஊதிட்டு சொல்லாம இருந்தீங்களே, அதுதான் என்னைக் கொன்னுட்டுது. ஊதாம அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு தட்டு போயிருக்கும். அஞ்சு எனக்கு மிஞ்சியிருக்கும்."

நான் ஊதிய ஊதலில் சாம்பல் ஆறு தட்டுக்கும் பரவியிருந்தது. ஆறையும் தூக்கிப் போட்டார்கள். இன்னும் ஒரே ஒரு பலூன்தான், அதிலும் தட்டுகள் கெட்டால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மீட்புக் குழுவிலிருந்து என்னை மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ரங்கநாயகிதான் அதைக் கிழித்துப் போட்டார். "இனிமே நீங்க எதையும் மறைக்க மாட்டீங்க. புது ஆள் மறைப்பான்" என்றார். உங்களுக்குச் சொல்கிறேன், என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். பாராட்டு போலவா இருக்கிறது? எனக்கு அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது பலூன் ஜூன் மாதம் ஏறியது. பொழுது விடிந்ததும் காற்றாலைகள் இல்லாத ஒரு பொட்டலைப் பார்த்து ராதாபுரம் பக்கம் காத்திருந்தோம். ஜீப்பில் நாலு பேர். நான், ரங்கநாயகி, வெடிப்பொருளைச் செயலிழக்க வைக்கும் ஜெபராஜ், ஓட்டுநர். பத்து மணிக்குக் கலத்தைக் கழற்றிவிடும் கட்டளை போனது. கலம் கழலவில்லை. மறுபடி அனுப்பினார்கள். கழலவில்லை. மேல்காற்று பலூனை வடமேற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கம் மலை, மலை நிறையக் காடு. அரை மணிக்கு மேல் போன பிறகு கலத்தில் இருந்த கடிகாரம் தானாகவே முடிச்சை அவிழ்த்தது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே எங்கோ இறங்குகிறது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னார்கள். ஜீப் வள்ளியூரைத் தொடுவதற்குள் என் போன் அடித்தது.

"அலோ, நம்பரு போட்ட ஆளா?"

ஒரு பெண்ணின் குரல். கலத்தின் மேல் தமிழில் கொட்டை எழுத்தில், தொடாதீர்கள், ஆபத்து, உடனே கூப்பிடுங்கள் என்று எழுதி என் நம்பரைப் போட்டிருந்தோம்.

"ஆமாம்மா, சொல்லுங்க."

"எங்க வயல்ல ஒரு சாமான் குடை புடிச்சிக்கிட்டு எறங்கி நிக்கு. தொடாதன்னு எழுதிருக்கு, தொடலை. கூப்பிடுன்னு எழுதிருக்கு, கூப்பிட்டாச்சு. நாங்க நடவு நடவா, வேண்டாமா? அதை எழுதலியே."

பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னார். பதினோரு பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. உழுது, குழப்பி, தண்ணீர் கட்டி நடவுக்குத் தயாராக இருந்த வயலின் நட்டநடுவில் கலம் இறங்கியிருந்தது. எங்கள் பக்கம் அந்தச் சேற்றைத் தொளி என்பார்கள். முழங்கால் ஆழத் தொளி, அதற்கு மேலே தண்ணீர்.

இதைவிட மோசமான இடம் வேறு இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கலம் கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். அதைச் சமன் செய்ய அடிப்பக்கத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு மூச்சுத்துளை வைத்திருந்தோம். தரையில் இறங்கியதும் நாங்கள் போய்க் கையால் மூடி போட்டு அடைக்க வேண்டும். பொட்டலில் இறங்கும் கலத்துக்கு அது போதும். வயலில் இறங்கும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாங்களே யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. துளையைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் வரைந்திருந்தோம், அது ஒன்றுதான் புண்ணியம்.

"பேச்சியம்மா, அதுல செவப்பா ஒரு வளையம் தெரியுதா?"

"தெரியுது."

"தண்ணிக்கும் வளையத்துக்கும் எவ்வளவு இருக்கு?"

"மூணு விரக்கடை இருக்கும்" என்றவர், மறுபடி எட்டிப் பார்த்து, "வரும்போது நாலு இருந்துது அண்ணாச்சி. சாமானு பைய எறங்குது" என்றார்.

பாராசூட்டைக் கலத்திலிருந்து அறுத்துவிட ஒரு சின்ன வெடி உண்டு. தரையில் மோதும் அதிர்ச்சியில்தான் அது வெடிக்கும். தொளியில் அதிர்ச்சி எங்கே இருக்கிறது? வெடிக்காமல் உயிரோடு இருந்தது. வெடித்தால் வீடு இடியாது. ஆனால் கலத்தில் கை வைத்திருப்பவரின் விரல்கள் போய்விடும். பாராசூட்டும் இன்னும் கழலவில்லை. காற்று அதில் புகுந்து இழுத்தால் கலம் சாய்ந்துவிடும், வளையம் தண்ணீருக்குள் போய்விடும். நாங்கள் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒரு பெரிய அதிகாரி இன்னொரு போனில் வந்தார். "அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, நாலு பேரை விட்டுத் தூக்கி வரப்பில் வைக்கச் சொல்லுங்கள். வெடிப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். வாய்ப்புக் குறைவுதான்.

மீட்புத் தலைவன் நான், முடிவு என்னுடையது. ஆனால் போகப் போவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் ஆறு வருடம். கையால் போனைப் பொத்திக்கொண்டு ரங்கநாயகியிடம் இருப்பதை இருப்பதாகச் சொன்னேன். தூக்கச் சொன்னால் தட்டுகள் பிழைத்துவிடும், யாராவது ஒருவருடைய விரல் போகலாம். தூக்காவிட்டால் தண்ணீர் மூன்று விரற்கடைதான், மூன்று விரல் அகலம்தான் கீழே இருக்கிறது, கலம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம், ஜீப் ஒரு வேகத்தடையை ஏறி இறங்கிய நேரம்தான். "தூக்க வேண்டாம் சார். அந்தக் கைகள் நாளைக்கு நாத்து நடணும்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதிகாரியிடம் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பதிலுக்கு அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

"பேச்சியம்மா, சாமான் பக்கத்துல யாரும் போகக் கூடாது. குடைத்துணி எங்க கெடக்கு?"

"முப்பதடி தள்ளி வரப்புல. லேசா காத்து வாங்குது."

"துணியை இழுக்காம, மேல ஏதாவது பாரம் வைக்க முடியுமா?"

"நாத்துமுடி இருக்கே! ஏட்டி, வாங்கட்டி" என்று அவர் கத்தியது என் காதைப் பிளந்தது. நடுவதற்காகப் பறித்துக் கட்டி வைத்திருந்த ஈர நாற்றுமுடிகளை ஒவ்வொன்றாகத் துணியின் மேல் அடுக்கினார்கள். அந்தப் பாராசூட்டை அடக்க நாங்கள் ஜீப்பில் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருந்தோம்.

தண்ணீர் விஷயம் பாக்கி. சாமானைத் தூக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, போனில் ஒரு ஆண்குரல் வந்தது. அந்தப் பற்றில் உள்ள வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சுடலைமுத்து.

"அண்ணாச்சி, சாமானைத் தண்ணியில இருந்து எடுக்கணுமா, இல்ல தண்ணியை சாமான்கிட்ட இருந்து எடுத்தாப் போதுமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் ஆற்றோரம் வயல் இருந்தது. எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அரிசி மட்டும்தான். "போதும், போதும்! வரப்பை வெட்டி விடுங்க, சீக்கிரம்!" என்றேன்.

"வாமடையை அடைச்சிட்டேன், இனி புதுத்தண்ணி வராது. ஆனா வெரசலா வெட்ட முடியாது. ஒரே எடத்துல வெட்டுனா தண்ணி இழுக்கும், சாமானு சாஞ்சிரும். கீழ்வயல்ல நேத்துதான் நட்டுருக்கு, நாத்து மெதந்துரும். நாலு பக்கமும் கை அகலத்துக்கு வெட்டி, பையத்தான் விடணும்."

"நேரம் இல்லய்யா. இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டுங்க."

"அப்போ நீங்க வந்து வெட்டுங்க அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து. கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த வயலில் என் அனுபவம் அரைக்காசு பெறாது என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீரைப் பொறுத்தவரை அங்கே தலைவர் அவர்தான். "சரி, உங்க இஷ்டப்படி செய்யுங்க" என்றேன். நீங்களும் எங்காவது ஒருநாள் இப்படிச் சொல்ல வேண்டி வரும். தொண்டையில் முள் சிக்கியது போல இருக்கும். தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எண்ணிக்கைதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சியம்மாள் கணக்குச் சொல்வார். நான் அதைச் சத்தமாக ரங்கநாயகியிடம் சொல்வேன்.

"ரெண்டு விரக்கடை."

"ரெண்டு, மேடம்."

"ஒண்ணரை."

"ஒண்ணரை."

நல்லதாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. களக்காடு தாண்டியபோது, "ஒண்ணுதான் இருக்கு அண்ணாச்சி" என்றார் பேச்சியம்மாள். ஒன்று என்று சொன்னேன். ரங்கநாயகி கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து சிக்னல் போய்விட்டது.

பதினோரு நிமிடம். ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. சேரன்மகாதேவிக்கு முன்னால் போனில் மறுபடி உயிர் வந்தது. நான் அழைப்பதற்குள் அவரே அழைத்தார்.

"எங்க போய்த் தொலைஞ்சிய? ஒண்ணுலயே நிக்கு. சாமானு எறங்க எறங்கத் தண்ணியும் எறங்குது. ரெண்டும் போட்டி போடுது."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்து தொளி மட்டும் வெயிலில் மின்னியது. வரப்பில் பதினோரு பெண்களும் வரிசையாக நின்றார்கள். சுடலைமுத்து மண்வெட்டியோடு குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெற்றிலைச் சிவப்பில் சிரித்தார். தண்ணீர் ஜெயித்துவிட்டது, ஆனால் இப்போது சேறு. கலம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு வளையத்துக்கும் தொளிக்கும் நடுவே ஒரு விரற்கடைதான்.

ஜெபராஜ் தன் பெரிய பூட்ஸோடு வரப்பிலிருந்து இறங்கினான். முதல் அடியிலேயே முழங்கால் வரை புதைந்தான். அவன் காலை உருவ முயன்றபோது தொளி முழுவதும் நெளிந்தது, கலம் லேசாக ஆடியது.

"ஏலே, நில்லு!" பேச்சியம்மாள் போட்ட சத்தம் வயல்வெளி முழுக்கக் கேட்டிருக்கும். "ஆடாத! அப்படியே நில்லு!"

ஜெபராஜ் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே சிலையாகிவிட்டான். "நான் போயிட்டு வாரேன். எனக்குத் தொளியில நடக்கத் தெரியும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க" என்றார் பேச்சியம்மாள். வெடி உயிரோடு இருக்கும்போது அவரை அனுப்ப முடியாது என்று மறுத்தேன். "அப்போ அந்தப் பிள்ளைய மட்டும் அனுப்பலாமோ?" என்று திருப்பிக் கேட்டார். அது அவன் படித்த வேலை என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

சுடலைமுத்துதான் எழுந்து போய், உழுத வயலைச் சமப்படுத்துகிற பரம்புப் பலகையைத் தோளில் தூக்கி வந்தார். ஆறடி நீளத்தில் வழவழப்பான கனத்த மரம். "தம்பியை இதுல உக்கார வச்சிருவோம். ரெண்டு பக்கமும் கயிறு. அந்த வரப்புல இருந்து பொம்பளைய பைய இழுக்கட்டும். இது தொளி மேல போகத்தான செஞ்சது?"

வெள்ளை அங்கி, முகத்தில் கண்ணாடிக் கவசம், மடியில் கருவிப்பெட்டி. ஜெபராஜ் புதைந்த காலைப் பைய உருவிக்கொண்டு, பரம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எதிர் வரப்பில் ஆறு பெண்கள் கயிற்றைப் பிடித்தார்கள், இந்த வரப்பில் ஐந்து பேர் பின்கயிற்றைப் பிடித்தார்கள். பலகை நூல் பிடித்தது போலத் தொளியின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நெளிவு இல்லை. எங்கள் கூடத்தில் லட்சங்கள் கொடுத்து வாங்கிய தள்ளுவண்டி இருக்கிறதே, அது இத்தனை மென்மையாக ஒருநாளும் போனதில்லை. சிரிக்க வேண்டிய காட்சிதான், நான் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிறுத்து" என்று பேச்சியம்மாள் ஒரு கையைத் தூக்க, பலகை கலத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஜெபராஜ் குனிந்தான். வெடியின் கம்பியைக் கழற்றிப் பாதுகாப்பு ஊசியைச் செருக அவனுக்கு ஆறு நிமிடம் பிடித்தது. அந்த ஆறு நிமிடமும் பதினோரு பெண்களும் கயிற்றை இழுத்த நிலையில் இழுத்தபடி, தளராமல் நின்றார்கள். பிறகு அவன் கட்டைவிரலை உயர்த்தினான். மூச்சுத்துளை மூடியை எடுத்து வளையத்தின் மேல் வைத்து முறுக்கினான். அவன் அடைத்து முடித்தபோது வளையத்தின் கீழ் விளிம்பைச் சேறு தொட்டுக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் கலத்தைத் தூக்க ஆபத்தில்லை. பேச்சியம்மாளும் இன்னும் மூன்று பேரும் இறங்கினார்கள். அவர்கள் தொளியில் நடப்பதைப் பார்க்க வேண்டும், பாதத்தை நுனியாக மடக்கி உருவி, சத்தமில்லாமல் அடுத்த அடி வைப்பார்கள். கலத்தை நிமிர்ந்த வாக்கில் பரம்பில் ஏற்றி வைத்தார்கள். கயிறு திரும்ப இழுபட்டது. ரங்கநாயகி வரப்பில் மண்டி போட்டு, சேறு அப்பிய அந்தக் கலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புடவையெல்லாம் சேறு. அது அவர் கண்ணில் படவே இல்லை.

பேச்சியம்மாள் கலத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள இருக்கது நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

"தெரியல. திறந்தாத்தான் தெரியும். ரெண்டு நாள் ஆகும்."

"தெரிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்களுக்கும் மனசு அடிச்சிக்கிடும்லா."

அடுத்த இரண்டு நாளும் நான் எழுதியதெல்லாம் அறிக்கைதான். எங்கே தவறினோம், யார் எதைச் சொன்னார், எந்த உத்தரவை நான் மீறினேன், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன். இன்றைக்கு எல்லாக் கலத்திலும் தண்ணீர் பட்டால் தானாக மூடிக்கொள்ளும் துளை இருக்கிறதே, அந்த அறிக்கையிலிருந்துதான் அது வந்தது. உங்கள் வண்டியில் ஏன் ஒரு பரம்புப் பலகை இருக்கிறது என்றும் இனிக் கேட்க மாட்டீர்கள். உத்தரவை மீறியதற்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். அதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த ஆறு தட்டுகளில் என்ன கிடைத்தது என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பூமி உருவாவதற்கு முன்பே இருந்த துகள்கள். எந்த மாடும் தின்னாதவை. இரண்டு மாணவிகளுக்கும் பட்டம் கிடைத்தது. திட்டத்தை மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதன் தொடர்ச்சியாகத்தான் இன்று நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள்.

ஆனால் எனக்கு அதெல்லாம் பின்னால் வந்த சந்தோஷம். நான் சொல்ல வந்தது மூன்றாம் நாள் காலையைப் பற்றி.

கூடத்துக்குள் ரங்கநாயகியும் நானும் மட்டும். இந்த முறை மூடியை அவர்தான் திறந்தார். மூச்சுத்துளைக்கு மிக அருகில் இருப்பது அடித்தட்டு. அது காய்ந்திருந்தால் மற்ற ஐந்தும் காய்ந்திருக்கும். அதைத்தான் முதலில் வெளியே எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். நனைந்த ஏரோஜெல் சுருங்கி வெளுத்துப்போகும். இது தெளிவாக, லேசான நீலத்தில், முழுசாக இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, முகமூடிக்குள் அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்தே செய்தார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே இயக்குநர் முதற்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். ரங்கநாயகி சுவரில் இருந்த பேசும் கருவியின் பொத்தானை அழுத்தினார். "ஜெபராஜ், பேச்சியம்மா நம்பரைப் போடு. போட்டு, உன் போனை ஒலிபெருக்கிகிட்ட பிடி" என்றார்.

மணி அடித்தது. எடுத்தவரின் பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. அவர்கள் வேறு ஏதோ வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேச்சியம்மா, நான் ரங்கநாயகி பேசறேன். நனையலம்மா. ஒரு சொட்டுகூடப் படலை."

"ஏட்டி, நனையலையாம்!" என்ற குரலும், அதைத் தொடர்ந்து பதினோரு பேரின் குலவையும் வந்தன. ஊசி விழுந்தால் கேட்கிற எங்கள் கூடம் முழுக்க அந்தக் குலவை நிறைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் எழுந்து நின்றார். என் முகமூடி நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் அடங்கும் வரை ரங்கநாயகி அடுத்த தட்டைத் தொடவில்லை.